மீண்டும் குடியேறும் நகர மையம்

சிங்கப்பூரின் ஷென்டன் வே பகுதியில் வேலை நாள்களின் நண்பகலில் உணவங்காடியில் இருக்கை கிடைப்பது அரிது. அதே இடத்திற்கு ஞாயிற்றுக்கிழமை சென்றால் பல கடைகள் மூடியிருக்கும். அங்கு வேலை செய்வோர் மிகப் பலர், வசிப்போரோ சிலர்.

ஒரு காலத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. சைனாடவுன் கடைவீடுகளின் மாடிகளைப் பலகைகளால் தடுத்து, ஒவ்வொரு சிற்றறையிலும் ஒரு குடும்பம் வாழ்ந்தது. சமையலறையும் கழிப்பறையும் பலருக்குப் பொது. இந்நெரிசலைக் குறைக்க, 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குவீன்ஸ்டவுன், தோ பாயோ போன்ற புதிய நகரங்களில் வீடுகளைக் கட்டியது. மக்கள் அங்குக் குடிபெயர்ந்தனர். நகர மையத்தில் வங்கிகளும் அலுவலகங்களும் எழுந்தன. வாழ்க்கை வசதி கூடியது உண்மை. ஆனால், மாலையில் வீடு திரும்ப அங்கே யாருக்கும் வீடு இல்லாமல் போனது.

எனினும், மையத்தை ஒட்டிச் சில உயரமான தனியார் குடியிருப்புகள் அக்காலத்திலேயே தோன்றின. 1976இல் கட்டி முடிக்கப்பட்ட பேர்ல் பேங்க் அவற்றுள் ஒன்று. குதிரை லாட வடிவில் அமைந்த அந்த 38 மாடிக் கட்டடம், அன்று சிங்கப்பூரின் மிக உயரமான குடியிருப்பு.

இருபதாம் மாடியில் வீடு வாங்குபவருக்கு உண்மையில் எது சொந்தம்? அவர் காலடியில் மண் இல்லை. அண்டை வீட்டாரின் கூரைதான் இருக்கிறது. இச்சிக்கலுக்கு 1967இல் இயற்றப்பட்ட அடுக்குமாடி நில உரிமைச் சட்டம் வழிகண்டது. வீடு தனி உரிமை. நிலம், மின்தூக்கி, படிக்கட்டு, நடைவழி ஆகியவை கூட்டு உரிமை. இவற்றைப் பராமரிக்க அனைவரும் கட்டணம் செலுத்துகின்றனர். ‘கூட்டுரிமை வீடு’ என்ற பெயர் இதனால் பொருத்தமானதே.

பின்னர், நகர மையத்திற்கு மக்களை மீண்டும் அழைத்துவரும் திட்டங்கள் வலுப்பெற்றன. மரினா பே வட்டாரத்தில் 70 மாடிகளைக் கொண்ட ‘தி செயில்’ 2008இல் எழுந்தது. அடுத்த ஆண்டு, தஞ்சோங் பகாரில் 50 மாடிகள் கொண்ட ஏழு புளோக்குகளில் 1,848 வீவக வீடுகள் தயாராயின. நகர மையத்து உயரம் வசதி படைத்தோருக்கு மட்டுமே உரியது அன்று என்பதற்கு ‘தி பினக்கல்@டக்ஸ்டன்’ எனப்படும் அக்குடியிருப்பு நல்ல சான்று. 2019இல் அரசாங்கம் இன்னொரு திட்டத்தையும் அறிவித்தது. ஷென்டன் வே, ஆன்சன் சாலை போன்ற பகுதிகளில் பழைய அலுவலகக் கட்டடங்களை வீடுகளும் கலந்த கட்டடங்களாக மாற்றிக் கட்டுவோருக்குக் கூடுதல் தளப்பரப்பு வழங்கப்படும்.

வீடுகள் பெருகும்போது, ஏற்கெனவே அங்கு வாழ்வோரின் நிலை என்ன? நிலம் கூட்டு உரிமை என்பதால் அதை விற்பதும் கூட்டு முடிவே. தொடக்கத்தில் எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டியிருந்தது. 1999 முதல், பத்தாண்டுக்கு மேற்பட்ட கட்டடமாயின் 80 விழுக்காட்டு உரிமை கொண்டோரின் சம்மதம் போதும். விரும்பாதவர் முறையாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். அது ஏற்கப்படாவிட்டால் அவரும் வெளியேற வேண்டும். கிடைக்கும் தொகையில் அதே வட்டாரத்தில் இன்னொரு வீடு வாங்க இயலுமா என்பது வேறு கேள்வி.

பேர்ல் பேங்க் பழசாகிப் பழுதுகளும் கூடின. குத்தகைக் காலமும் குறைந்துகொண்டே வந்தது. அதைப் பாதுகாக்க வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன. இறுதியில் 2018இல் அது 728 மில்லியன் வெள்ளிக்கு விற்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. முன்பு 300க்கும் குறைவான வீடுகள் இருந்த அந்த இடத்தில் இப்போது 774 வீடுகள் உள்ளன.

பீச் சாலையில் உள்ள கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் வேறு வழியில் சென்றது. 2021இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டதால் அது இடிக்கப்படவில்லை. ஆனால் அதுவும் கூட்டாக விற்கப்பட்டது. கட்டடம் அங்கேயே நிற்க, அதில் குடியிருந்தோரும் கடை வைத்திருந்தோரும் 2023இல் வெளியேறினர்.