மூடை சுமக்கும் உடலும் மூன்று தளங்களும்

தளம், அச்சு என்னும் சொற்கள் உடற்கூற்றியலாளருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்குமே உரியன என்றொரு எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. மாணவர் அவற்றைப் பரீட்சைக்காகக் கற்றுப் பின்னர் மறந்துவிடுவர். ஆயின் உழைப்பைப் பற்றி எழுதுவோரும் ஆராய்வோரும் இச்சொற்களை அறிந்துகொள்ள வேண்டிய நியாயம் உண்டு. அதனை ஓர் எளிய காட்சியிலிருந்து விளக்கலாம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் ஒரு கடைவாசலிற் சீமெந்து லொறி நிற்கிறது எனக் கொள்வோம். லொறித் தட்டில் நிற்பவர் 50 கிலோகிராம் மூடையை விளிம்புக்கு இழுத்துக் கொடுக்கிறார். கீழே நிற்பவர் சற்று முன்குனிந்து அதனை வலது தோளில் ஏற்றுகிறார். பாரத்தைச் சமன்செய்ய உடலை இடப்புறம் சாய்த்து நடக்கிறார். சுவரோரம் வந்ததும் பாதங்களைப் பெயர்க்காமலே இடுப்புக்கு மேற்பட்ட உடலைத் திருப்பி மூடையை இறக்குகிறார். ஒரு நிமிடத்துள் முடிந்துவிடும் இச்செயலில் மூன்று தளங்களும் அடங்கிவிடுகின்றன.

உடலை இடம், வலம் எனப் பிரிப்பது அம்புத்தளம். அம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயரின் தமிழாக்கம் இது. குனிதலும் நிமிர்தலும், நடக்கும்போது காலை முன்வைத்தலும் இத்தளத்தில் நிகழ்வன. ஓர் அசைவின் அச்சு எப்பொழுதும் அதன் தளத்துக்குச் செங்குத்தானது. ஆகவே இவற்றின் அச்சு இடம் வலமாக அமையும். கிணற்றுத் துலா முன்னும் பின்னும் ஏறியிறங்க, அதனைத் தாங்கும் அச்சுலக்கை குறுக்கே கிடப்பதை நினைவுகூர்ந்தால் இது தெளிவாகும். உடலை முன், பின் எனப் பிரிப்பது முகத்தளம். தோட்பாரத்துக்கு எதிராகப் பக்கம் சாய்வது இத்தளத்துக்குரியது. அதன் அச்சு முன்பின்னாகச் செல்வது. மேல், கீழ் எனப் பிரிப்பது குறுக்குத்தளம். திரிகையின் மேற்கல் நடுமுளையைச் சுற்றிவருவதுபோல, நிலைக்குத்தான அச்சைச் சுற்றி உடல் திரும்புவது இதன்பாற்படும்.

இவை யாவும் நிமிர்ந்து நின்று, முகம் முன்னோக்கி, உள்ளங்கைகளை முன்காட்டிய நிலையை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டவை. பிணமேசையில் மல்லாந்து கிடக்கும் உடலை நிமிர்த்தி வைத்தாற்போன்ற இந்நிலையில் எந்தத் தொழிலாளியும் நிற்பதில்லை. அது குறையன்று, அளப்பதற்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அளப்பவர் யார், எதற்காக அளக்கிறார் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

மனித நடையை முப்பரிமாணத்தில் முதன்முதலாக நுட்பமாக அளந்தோர் ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து அறிஞர்களான பிரவுனேயும் பிஷரும் ஆவர். உடலின் ஈர்ப்பு மையம் பற்றி 1889இல் அவர்கள் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ஜேர்மன் காலாட்படை வீரனின் சுமை குறிப்பிடப்பட்டிருந்தது. 1891இல் அவர்கள் நடையை ஆராய்ந்தபோதும் படைக்கருவிகளுடனும் அவையின்றியும் ஒருவரை நடக்கவைத்து அளந்தனர். விஞ்ஞானம் தூய்மையானதே, அதற்கான தேவையைப் படைமுகாம் நிர்ணயித்தது.

தொழிற்சாலையும் பின்தங்கவில்லை. 1899இல் அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்காலையிற் டெயிலர் நடத்திய பரிசோதனையில் இரும்புப் பாளம் சுமப்பவரின் நாட்பணி 12½ தொன்னிலிருந்து 47½ தொன்னாக உயர்த்தப்பட்டது, கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராகவே உயர்ந்தது. உழைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காக, ஊதியம் அறுபது வீதமே கூடிற்று என்பதை டெயிலர் மறைக்கவில்லை. பெருமையாகவே எழுதினார்.

நம் காலத்துக்கு அண்மிய உதாரணம் இன்னும் பொருத்தமானது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவகம் 1981இல் பாரந்தூக்குவதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இரு கைகளாலும், உடலுக்கு நேர்முன்னே, திருகலின்றித் தூக்குவதை மட்டுமே அது கணித்தது. அதாவது அம்புத்தளம் ஒன்றே அதன் கண்ணுக்குப் பட்டது. நம் சீமெந்துத் தொழிலாளியின் முதுகைப் பெரிதும் வருத்தும் திருகல் கணக்கிலேயே இல்லை. முன்குனிதலும் திருகலும் ஒருசேர நிகழும்போது முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் அதிகமாக நலிகின்றன. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே இதற்கு இடமளிக்கப்பட்டது. மிகச் சாதகமான நிலையில் 23 கிலோகிராமையே அது எல்லையாகக் கொண்டது. 90 பாகை திரும்பித் தூக்கினால் அவ்வெல்லை ஏறத்தாழ 16 கிலோகிராமாகக் குறையும். கடைவாசல் மூடையின் நிறையை இதனோடு ஒப்பிடுவது வாசகரின் பொறுப்பு. ஒரு தளத்தை விட்டுவிட்டுக் கணிப்பது வெறும் கணிதப் பிழையன்று. முதுகு பழுதானவன் "ஒழுங்காகத் தூக்கத் தெரியாதவன்" ஆகிவிடுகிறான். பழி பாரத்தை விட்டு ஆள்மீது இறங்குகிறது.

இதே கருவிகள் வேறு கைகளில் வேறு உண்மையையும் காட்டியுள்ளன. 1920களில் மொஸ்கோவின் மத்திய உழைப்பு நிறுவகத்தில் நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன் சுத்தியலடிக்கும் தொழிலாளரை ஆராய்ந்தார். தேர்ந்தவனின் சுத்தியல் முனை ஏறத்தாழ ஒரே தடத்திற் செல்கிறது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியன அடிக்கு அடி வேறுபடுகின்றன. தொழிலாளி இயந்திரம்போல ஒரே அசைவை மீளச்செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் அப்பணியைப் புதிதாகத் தீர்க்கிறான். டெயிலரின் "ஒரேயொரு சிறந்த முறை" இங்கு ஆட்டங்காண்கிறது.

நம் எழுத்திலும் இக்குறை உண்டு. உழைப்பவரின் வியர்வையை எழுதுகிறோம்; அவர் எவ்வாறு குனிகிறார், எப்பக்கம் திரும்புகிறார் என்பதை எழுதுவதில்லை. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்களைத் தொகுக்கும்போதும் சொற்களைப் பேணுகிறோமேயன்றி, பின்சாய்ந்து இழுக்கும் உடலின் அசைவைக் குறித்துக்கொள்வது அரிது. அந்த அசைவின்றி அச்சந்தத்தை விளங்கிக்கொள்வது எங்ஙனம்?

நோக்குவோர் கவனிக்கவேண்டிய நடைமுறை ஒன்றுண்டு. அம்புத்தள அசைவைக் காணப் பக்கவாட்டில் நிற்கவேண்டும். பக்கச் சாய்வைக் காண முன்னோ பின்னோ நிற்கவேண்டும். திருகலைச் செவ்வையாகக் காண மேலிருந்தே பார்க்கவேண்டும். வீதியோரம் நின்று குறிப்பெடுக்கும் ஆய்வாளருக்கு அது எளிதிற் புலப்படாது. லொறித் தட்டில் நின்று அடுத்த மூடையை இழுத்துக் கொடுப்பவருக்குப் புலப்படும். அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.