ஏரி போனது, தூசி வந்தது

சலவைச் சோடாப் படிகம் ஒன்றைத் தட்டில் வைத்துச் சில நாள் கழித்துப் பாருங்கள். பளபளப்பு மறைந்து வெண்பொடி பூத்திருக்கும். படிகத்துள் பிணைந்திருந்த நீர் காற்றில் கலந்துவிட்டதே காரணம். இதே மாற்றம் 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிகழ்ந்தால்?

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் நிகழ்ந்தது. அங்கே ஓவன்ஸ் என்று ஓர் உப்பு ஏரி. 1870களில் வெள்ளியும் ஈயமும் கலந்த கட்டிகளை ஏற்றிக்கொண்டு நீராவிப் படகுகள் அதில் சென்றன. 1913இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் சுமார் 375 கிலோமீட்டர் நீளக் கால்வாய் ஒன்றை வெட்டி, ஏரிக்கு வரும் ஆற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. பம்பு ஒன்றுகூட இல்லாமல் புவியீர்ப்பினாலேயே நீர் ஓடியது. (அந்தப் பொறியியலை இன்றும் வியக்கிறேன்.) 1926 வாக்கில் ஏரி ஏறக்குறைய வற்றிவிட்டது.

எஞ்சியது உப்புப் படுகை. சோடியம் கார்பனேட்டும் சோடியம் சல்ஃபேட்டும் குளிர்காலத்தில் ஈரத்தை ஏற்றுப் படிகமாகிப் பருக்கும், மேலோடு வெடிக்கும். பிறகு அந்த நீரை இழந்து பொடியாகும். காற்று வீசும்போது மணல் துகள்கள் துள்ளித் துள்ளி விழுந்து, இந்தப் பொடியை மேலே கிளப்பிவிடும்.

கிளம்பியது எளிதில் இறங்காது. 10 மைக்ரான் விட்டமுள்ள துகள், அசையாத காற்றில்கூட விநாடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே இறங்கும். 100 மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று அதை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சேர்த்துவிடுமல்லவா?

இத்தகைய துகள் மூக்கில் முழுவதும் வடிகட்டப்படுவதில்லை, மூச்சுக்குழாய்களுக்குள் புகுந்துவிடும். அதனினும் நுண்ணியவை நுரையீரலின் அடியாழம் வரை செல்லும். ஆஸ்துமா முற்றும், இதய நோயாளிகளுக்கும் ஆபத்து. ஓவன்ஸ் தூசியில் ஆர்செனிக்கும் காட்மியமும் வேறு! ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக 150 மைக்ரோகிராம் என்பதே அமெரிக்க வரம்பு. அங்கே சில நாட்களில் 10,000ஐயும் தாண்டியது. கரையோரத்துக் கீலர் என்னும் சிற்றூரார் அதைத்தான் சுவாசித்தார்கள். நீரைக் குடித்த நகரமோ வெகு தொலைவில்.

2001 முதல் அந்நகரமே படுகையின் பகுதிகளில் மெல்லிய நீர்ப்படலம் பரப்பிவருகிறது. சில இடங்களில் உப்புப்புல், சில இடங்களில் சரளைக்கல். இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவு. தூசி பெரிதும் அடங்கியது. நீர் நின்ற இடங்களில் கரையோரப் பறவைகளும் கூட்டமாக இறங்குகின்றன. பரப்பும் நீரில் பெரும்பகுதி அதே கால்வாயிலிருந்து வருவதுதான்.