பச்சிலை காட்டியவருக்கு ஒரு ரூபாய்

புது தில்லி: காப்புரிமை லாபத்தில், மூலிகையை அடையாளம் காட்டிய பழங்குடியினருக்குப் பங்கு உண்டா? கேரளம் முன்பே விடை தந்துள்ளது. 1987-ல் அகத்தியமலையில் காணி மக்கள் காட்டிய 'ஆரோக்கியப்பச்சை'யிலிருந்து, பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆர்ய வைத்ய பார்மசி ரூ.10 லட்சம் உரிமக் கட்டணமும் 2 சதவீத ராயல்டியும் தர உடன்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு. அதாவது, நூறு ரூபாய் விற்பனைக்கு ஒரு ரூபாய்!

2023-ல் நாடாளுமன்றம் திருத்திய பல்லுயிர்ப் பன்மைச் சட்டம், நூல்களில் பதிவான மரபறிவுக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு அளிக்கிறது. அட்டப்பாடி இருளர், இடுக்கி முதுவரின் அறிவோ பெரும்பாலும் வாய்மொழி. அவர்களுக்குப் பங்கு பறிபோகவில்லை. வாய்மொழி அறிவைச் சுட்டிக் காப்புரிமையை ஆட்சேபிக்கவும் காப்புரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால், கேரளத்துக்கான காப்புரிமை அலுவலகம் இருப்பது சென்னையில்.