கரையான் கண்ட வீட்டை வாங்கலாமா?

நம் சங்க அன்பர் ஒருவர் கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்றை விலை பேசியிருக்கிறார். முன்கட்டில் கடை, பின்கட்டில் குடியிருப்பு. மளிகை வியாபாரிக்கு வாய்ப்பான அமைப்புதான். ஆனால் ரேழிச் சுவரில் கரையான் ஏறிய மண் தடம் இருக்கிறது. "அது பழசு, மருந்து அடித்தாகிவிட்டது" என்கிறார் விற்பவர். கையிருப்பு முழுவதையும் போடுகிறவர் அந்தச் சொல்லை நம்பி அச்சாரம் கொடுக்கலாமா?

தடத்தைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே பூச்சி ஓடினால் சந்தேகமில்லை. காலியாக இருந்தாலும் ஒழிந்ததென்று அர்த்தமில்லை. வேறு பக்கம் ஏறியிருக்கலாம். ஒரு வாரம் கழித்து, உடைத்த இடம் ஈர மண்ணால் அடைபட்டிருந்தால் புற்று உயிரோடிருக்கிறது.

குத்தூசி போட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டை அரிசி வாங்குவோமா? மரத்துக்கும் அதே முறைதான். நிலை, ஜன்னல் சட்டம், முக்கியமாக உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை, இவற்றைத் தட்டியும் ஊசியால் குத்தியும் பார்க்க வேண்டும். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதி தாங்கும், வெளிறு தாங்காது. மாவு கொட்டினால் அது உளு. பூச்சியும் வேறு, வைத்தியமும் வேறு. கரையான் மண்ணைத்தான் அப்பிவைக்கும்.

நம் பக்கத்து வீடுகளைச் சித்திரை வெயிலில் மட்டும் பார்ப்பது போதாது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஐப்பசி மழையும் பிடித்தபின் மண் ஈரம் எங்கே நிற்கிறது என்பது தெரியும். மழைக்குப் பிறகு ஜன்னலோரம் ஈசல் இறகு குவியலாகக் கிடந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

மருந்து அடித்தது உண்மையானால் ரசீது இருக்கும், தரையிலும் அடையாளம் இருக்கும். கட்டிய வீட்டுக்கான முறை ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதியில் உள்ளது. சுவரும் தரையும் கூடுமிடத்தில் சுமார் ஓரடிக்கு ஒரு துளையிட்டு, கீழே மண்ணுக்குள் மருந்து செலுத்த வேண்டும். சுவரில் தெளித்துவிட்டுப் போவது கண் துடைப்பு. முன்பு ஊற்றிய ஆல்ட்ரின் 1996-ல் தடை செய்யப்பட்டது. இப்போது இமிடாகுளோபிரிட் போன்றவை வந்துள்ளன. முற்றத்தில் கிணறு இருந்தால் ஆளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரிசி மூட்டைகளை அப்புறப்படுத்தாமல் வேலை தொடங்க விடாதீர்கள்.

1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவுப்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் தெரியாத முக்கியக் குறையை, விற்பவர் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். கண்ணெதிரே இருக்கும் தடத்தைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு இந்தப் பிரிவைக் காட்டுவது கடினம்.

அன்பரின் வீட்டில் இரண்டு நிலைகளும் ஒரு ஜன்னலும் போயிருக்கின்றன. உத்திரங்கள் கெட்டி. ஆசாரி கூலி, மரம், மருந்துச் செலவு மூன்றையும் கணக்கிட்டு விலையில் கழிக்கக் கேட்டிருக்கிறார். "வேறு பார்ட்டி காத்திருக்கிறது" என்கிறாராம் விற்பவர். உத்திரம் பொத்தலாக இருந்தால் அந்தப் பார்ட்டிக்கே விட்டுவிடச் சொல்லியிருப்பேன். இந்த வீட்டைப் பேசி முடிக்கலாம். ஆனால் மருந்து அடித்ததாகச் சொன்ன வார்த்தை கிரய ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். அதற்கு அவர் கையெழுத்துப் போடுகிறாரா என்று பார்த்துவிட்டு அச்சாரத்தை எண்ணட்டும்.