வளையலின் நிறம் மாறுவது ஏன்?

பட்டுநூல் வளையல் செய்து விற்கும் இல்லத்தரசிகள் பலர் தீபாவளி நேரத்தில் கேட்கும் புகார், "படத்தில் கண்ட நிறம் இதுவல்லவே!" பொருள் திரும்பி வந்தால் அஞ்சல் செலவும் அவர்கள் தலையில்தான்.

குற்றம் நூலில் இல்லை, வீட்டு மஞ்சள் விளக்கில். அந்த ஒளியில் நீலம் மங்கும், வெள்ளை மஞ்சளாகும். சன்னல் வெளிச்சமும் விளக்கொளியும் கலந்தாலோ கைப்பேசிக் கேமராவே குழம்பிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, காலை 9 மணி வாக்கில் நேர்வெயில் படாத சன்னலோரம் வளையலை வையுங்கள். நிழல் விழும் பக்கம் வெள்ளை மணிலா அட்டையை நிறுத்தினால் நூலிழைகூடத் தெளிவாகத் தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பட்டின் பளபளப்பை வெள்ளைத் திட்டாக்கிவிடும். பூப்போட்ட மேசைவிரிப்பும் எதற்கு? கண் அதன்மேல்தான் போகும். அளவு புரிய, ஒரு படமாவது கையில் அணிந்தபடி இருக்கட்டும்.