ஆறு மணி நேரத்துக்கு ஒரு கணக்கு

பட்டத்துக்கு அப்பால் – 9

பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டே முனைவர் பட்ட ஆசையை மனசுக்குள் வைத்திருக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் உண்டு. அவர்களுக்காக நுழைவுத் தேர்வையும் நேர்காணலையும் சென்ற வாரம் பார்த்தோம். இடம் கிடைத்துத் துறைக்குள் காலெடுத்து வைத்ததும் போட வேண்டிய கணக்கை இந்த வாரம் பார்ப்போம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகள்தான் இதற்கு அடிப்படை. படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 6 ஆண்டு. கோர்ஸ் வொர்க்குக்குக் குறைந்தபட்சம் 12 கிரெடிட். ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் நின்று, செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும். வேலையை விட முடியாதவர்கள் பகுதி நேரமாகச் சேரலாம். அதற்கு, ஆய்வு செய்ய நேரம் கிடைக்கும் என்று நிறுவனம் தடையின்மைச் சான்று தர வேண்டும்.

இதே விதிகளில் சேரும்போது பலர் கண்ணில் படாத இன்னொன்றும் இருக்கிறது. ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி கொடுக்கலாம். டியூட்டோரியல் எடுப்பது, ஆய்வக வகுப்பு நடத்துவது, மதிப்பெண் போடுவது எல்லாம் இதில் அடக்கம்.

ஆறு மணி நேரம்தானே என்று தோன்றும். இளங்கலை டைட்ரேஷன் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கால அட்டவணையில் அது 3 மணி நேரம். முந்தின நாளே கரைசல் தயாரித்து, செறிவைச் சரிபார்த்து, பாட்டிலில் லேபிள் ஒட்ட வேண்டும். வகுப்பில் ஒரு பையன் ப்யூரெட்டை அவசரமாகத் திறந்துவிடுவான். வெளிர் ரோஜா நிறத்தில் நிற்க வேண்டிய கரைசல் அடர் நிறத்துக்குத் தாவிவிடும். கடைசிச் சொட்டுகளை எப்படி விடுவது என்று பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். எல்லாரும் போன பிறகு ரெக்கார்டு நோட்டுகள் வந்து குவியும். ரீடிங்கைப் பார்த்து, கணக்கைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள், இந்த ஒரு வகுப்பே அந்த வாரத்தின் ஆறு மணி நேரத்தையும் தின்றுவிடும். அட்டவணையில் மூன்று மணி நேரம்தானே என்று இன்னொரு வகுப்பையும் தலையில் கட்டினால், சொந்த ஆய்வு இரவுக்குத் தள்ளிப்போகும்.

பாடம் நடத்துவது ஆய்வு மாணவருக்கு நல்லது. நாளை உதவிப் பேராசிரியர் வேலைக்குப் போகிறவர் மாணவர் முன்னால் நின்று பழகியிருக்க வேண்டும். அந்த உழைப்புக்குப் பணம் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. கேட் தேறி எம்.டெக். சேர்ந்தவருக்கு 12,400 ரூபாய். அதற்கு ஈடாகச் சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் வாரம் 8 மணி நேரம் துறைப் பணி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வழக்கமாக வாரம் 20 மணி நேரம் வரை பணி. அதற்குச் சம்பளமும் பெரும்பாலும் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. இங்கே எந்த உதவித்தொகையும் இல்லாமல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கோ, விதி நேரத்தை மட்டும் சொல்கிறது, ஊதியத்தைச் சொல்லவில்லை.

இந்தச் சுமை கடைசியில் யார் தலையில் விழுகிறது? கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து கிண்டி வளாகம் போகும் பிள்ளைமேல்தான். வீட்டில் ஒரே ஒரு ஷிஃப்ட் சம்பளம் என்றால், சும்மா செய்து கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் டியூஷன் எடுத்துச் சம்பாதித்திருக்கக்கூடிய மணி நேரம். திறமை இருந்தும் நடுவழியில் ஆய்வை விட்டுவிட்டு மறுபடி சிப்காட் வாசலுக்குத் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, துறைகள் மூன்றைச் செய்தாக வேண்டும். செமஸ்டர் தொடங்கும் முன்பே யாருக்கு எந்த வகுப்பு என்று எழுத்தில் தர வேண்டும். தயாரிப்பையும் ரெக்கார்டு திருத்துவதையும் சேர்த்தே ஆறு மணி நேரத்தைக் கணக்கிட வேண்டும். உதவித்தொகை இல்லாதவருக்கு அந்த நேரத்துக்குப் பணம் தர வேண்டும். அந்தச் செலவுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

மாணவர்களும் சும்மா இருக்கக் கூடாது. முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, வகுப்பு, செலவான நேரம் மூன்றையும் எழுதி வாருங்கள். ஆலோசனைக் குழு கூடும்போது ஆய்வு அறிக்கையோடு அதையும் மேசையில் வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். விதி உங்கள் பக்கம் இருக்கிறது.

அடுத்த வாரம்: ஆலோசனைக் குழுவுக்கு முதல் அறிக்கை எழுதுவது எப்படி?

(தொடரும்)