ஆடு கத்தினால் வகுப்பு

போர்ச்சுகலின் கோயிம்பிரா நகரில் ஒரு குன்று. குன்றின் உச்சியில் பல்கலைக்கழகம். அதன் முற்றத்தில் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய மணிக்கோபுரம். அங்கே தொங்கும் மணிகளில் ஒன்றுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘காப்ரா’, அதாவது பெண் ஆடு. வகுப்புக்கு வா, வீட்டுக்குப் போய்ப் படி என்று தினமும் விரட்டிய மணிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மணியின் நாக்கைக் கழற்றி ஒளித்துவிட்டால் மறுநாள் வகுப்பு இருக்காது என்று கோபுரம் ஏறியவர்களின் கதைகளுக்கு ஊரில் பஞ்சமே இல்லை.

ஊரின் பெயரோ இரவல். ரோமானியர் காலத்தில் இந்தக் குன்றுக்கு ஏமினியம் என்று பெயர். தெற்கே சில மணி நேர நடைத் தொலைவில் கொனிம்பிரிகா என்ற செழிப்பான நகரம் இருந்தது. 5ஆம் நூற்றாண்டில் சுவேவியர் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் அதைச் சூறையாடினார்கள். மெல்ல மெல்ல மக்களும் பின்னாளில் ஆயரும் மொண்டேகோ ஆற்றங்கரைக் குன்றுக்கு இடம்பெயர்ந்தார்கள். ஊர்ப்பெயரும் கூடவே வந்துவிட்டது. அதன்பின் முஸ்லிம் ஆட்சி வந்தது. 1064இல் கிறித்தவ அரசர்கள் நகரை நிரந்தரமாகக் கைப்பற்றினார்கள். போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சோ என்ரிக்கெஸ் இங்கிருந்துதான் ஆண்டார். சாந்தா குரூஸ் மடத்தில் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தலைநகர் என்ற தகுதி லிஸ்பனுக்குப் போயிற்று.

பல்கலைக்கழகத்தின் கதை பந்தாட்டம் போன்றது. தினிஸ் அரசர் அதைத் தொடங்கியது 1290இல், அதுவும் லிஸ்பனில். 1308இல் கோயிம்பிராவுக்கு வந்தது. 1338இல் லிஸ்பன், 1354இல் கோயிம்பிரா, 1377இல் மறுபடி லிஸ்பன். கடைசியில் 1537இல் மூன்றாம் ஜோவான் அரசர் அதைக் கோயிம்பிராவுக்கே அனுப்பி, தம் அரண்மனையில் குடியேற்றினார். அறுபது ஆண்டு கழித்து அந்த அரண்மனையைப் பல்கலைக்கழகம் விலைக்கே வாங்கிக்கொண்டது. அன்றைய அரியணை மண்டபத்தில்தான் இன்றும் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுகள் நடக்கின்றன.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கே படித்து, 1545இல் இங்கேயே ஜேசு சபையில் சேர்ந்த என்ரிக்கெ என்ரிக்கெஸ் அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு வந்தார். முத்துக்குளித்துறையில் தமிழ் கற்றுத் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய தமிழாக்கம். ஓரியூரில் 1693இல் உயிர்நீத்த அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோவும் கோயிம்பிராவில் பயின்றவரே.

பயணிகள் அதிகம் கூடுவது ஜோவானினா நூலகத்தில். 1717இல் தொடங்கி 1728இல் முடித்த கட்டடம் அது. பிரேசில் தங்கம் கொழித்த காலம். அலமாரிகளின் பொன் பூச்சைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அங்கே இரவுப் பணி வௌவால்களுக்கு! அலமாரிகளுக்குப் பின்னால் பகலில் உறங்கும் அந்தச் சிறு வௌவால்கள், இருட்டியதும் ஏட்டை அரிக்கும் பூச்சிகளைத் தின்று தீர்க்கின்றன. எச்சத்தால் மேசைகள் கெடாமலிருக்க ஊழியர்கள் மாலையில் தோல் விரிப்பு போட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு மீட்டருக்கும் மேல் தடிமனான சுவர்கள் ஈரத்தையும் வெப்பத்தையும் தடுக்கின்றன. நூலகத்தின் அடியில் சிறை இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குத் தனிச் சட்டமும் தனி நீதியும் இருந்த காலத்தில் குற்றம் செய்த மாணவர்களை அடைத்த இடம் அது.

1772இல் அமைச்சர் பொம்பால் பிரபு பாடத்திட்டத்தைத் தலைகீழாக மாற்றினார். ஆய்வுக்கூடமும் தாவரவியல் பூங்காவும் வந்தன. அன்றிலிருந்து 1911வரை நாட்டில் வேறு பல்கலைக்கழகம் இல்லாததால், போர்ச்சுகலை ஆள நினைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் படிகளில் ஏறியாக வேண்டியிருந்தது.

அப்படி ஏறியவர்களில் ஒருவர் சலாசார். இங்கே படித்து இங்கேயே பேராசிரியராக இருந்தவர் 1932இல் பிரதமராகிச் சர்வாதிகாரியும் ஆனார். பெரிய கட்டடங்கள் வேண்டுமென்று, 1940களில் தொடங்கி அவர் அரசு குன்றின் உச்சியிலிருந்த பழைய தெருக்களை இடித்துத் தள்ளியது. தலைமுறைகளாக அங்கே குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2013இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதியில் இந்தக் கான்கிரீட் கட்டடங்களும் அடக்கம். அழகு என்று சொல்ல மனம் வரவில்லை.

1969 ஏப்ரல் 17 அன்று புதிய கணிதக் கட்டடத்தைத் திறக்க நாட்டின் அதிபர் வந்தார். மாணவர் சங்கத் தலைவர் அல்பெர்த்தோ மார்த்தின்ஸ் எழுந்து, மாணவர்கள் சார்பில் பேச அனுமதி கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை, அன்றிரவே கைதானார். மாணவர்கள் தேர்வைப் புறக்கணித்தார்கள். ஜூன் மாதம் மாணவர்களின் கால்பந்து அணியான அக்கடெமிக்கா கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்தபோது லிஸ்பனை ஒட்டிய மைதானமே போராட்டக் களமாயிற்று. பென்ஃபிக்கா 2-1 என்று வென்றது. சர்வாதிகாரம் 1974 ஏப்ரலில் வீழ்ந்தது. அன்று பேச அனுமதி கிடைக்காத மார்த்தின்ஸ், 2009இல் போர்ச்சுகலின் நீதி அமைச்சரானார்.